பெட்டியில் பணம் குறையவில்லை, கணினியில்தான் கணக்கு கூடியது



பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிஞ்சு வந்து மூணு ராத்திரி உட்கார்ந்து எழுதினது. பசியாறிட்டு நிதானமா படிங்க. பாதியில நிறுத்திட்டு "பாத்தியா, கோயில்ல திருட்டு" என்று யாருக்கும் அனுப்ப வேண்டாம். நான் சொல்ல வந்தது அதுக்கு நேர் எதிர்.

எந்த ஆலயம், யார் தலைவர், யார் பொருளாளர் என்று எழுத மாட்டேன். நம்ம ஆட்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியது நடந்த விஷயம்தான். ஏன்னா இதே கூத்து உங்கள் ஆலயத்திலும் நடந்துகொண்டிருக்கலாம். உங்கள் தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்திலும் நடக்கலாம்.

என்னைப் பற்றி ஒரு வரி. பெரிய படிப்பு கிடையாது, எஸ்.பி.எம். வரைக்கும்தான். தொழிற்சாலையில் சூப்பர்வைசர். முப்பது வருஷமாக என் வேலையே, இந்த ஷிப்ட் எழுதின கணக்கும் அடுத்த ஷிப்ட் எழுதின கணக்கும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பதுதான். ஆலயத்தில் அன்னதானக் கரண்டி பிடிக்கிற தொண்டன். அவ்வளவுதான்.

நடந்தது என்ன?

எங்கள் கவுண்டரில் ஒரு தம்பி உட்காருவான். இருபத்து மூணு வயசு. பகலில் வேலை, சாயங்காலம் கோயில். ஒரு வெள்ளி சம்பளம் வாங்காதவன். போன மாதம் நிர்வாகக் கூட்டத்தில் அவனைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். கணினியில் இருக்கிற கணக்குக்கும் வங்கியில் கட்டின பணத்துக்கும் 2,140 வெள்ளி வித்தியாசம். கணினி அதிகம் காட்டுகிறது, பணம் குறைவு. "கணினி பொய் சொல்லாது தம்பி, நீயே சொல்லு" என்று ஒருத்தர் சொன்னார். அவன் ஒன்றும் பேசாமல் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து கோயில் பக்கம் வரவில்லை. அவன் அம்மா வெள்ளிக்கிழமை விளக்கு போட வேறு கோயிலுக்குப் போகிறார்.

"கணினி பொய் சொல்லாது" என்ற அந்த ஒரு வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. ஒரு கணினி பொய் சொல்லாமல் இருக்கலாம். மூன்று கணினிகளை ஒன்றாகக் கட்டிவிட்டு, எது சொல்வது உண்மை என்று யாரும் முடிவு பண்ணாமல் விட்டால், மூன்றும் சேர்ந்து பொய்தான் சொல்லும்.

எங்கள் ஆலயத்தில் மூன்று கணினிகள். ஆபீசில் ஒன்று. வாசல் அர்ச்சனை கவுண்டரில் ஒரு மடிக்கணினி. ஆடி வெள்ளி, தைப்பூசம் மாதிரி கூட்ட நாட்களில் மட்டும் திறக்கிற இரண்டாவது கவுண்டரில் ஒரு பழைய கணினி. மூன்றிலும் ஒரே புரோகிராம், ஆனால் தரவுத்தளம் தனித்தனி. அர்ச்சனைச் சீட்டு, உபயம், மண்டப முன்பதிவு எல்லாம் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒருத்தர் பென்டிரைவ் எடுத்துக்கொண்டு மூன்றுக்கும் போய், ஆபீசில் வந்து ஒரு பட்டனைத் தட்டுவார். "சிங்க் பண்ணியாச்சு" என்பார். எல்லாரும் வீட்டுக்குப் போவோம்.

அந்தப் பட்டன் என்ன செய்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது என் தப்பும்தான்.

தம்பி போன பிறகு ரசீதுப் புத்தகங்களை வாங்கி, அடிக்கட்டையையும் கணினியையும் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். தொழிற்சாலையில் ஸ்டோர் கணக்கும் லைன் கணக்கும் இடித்தால் இப்படித்தான் செய்வோம். மூன்று ஓட்டைகள் கிடைத்தன. ஒன்றுகூட மனுஷன் கை வைத்த ஓட்டை இல்லை.

முதல் ஓட்டை: செத்தவன் எழுந்து வந்த கதை

மூன்று மண்டப முன்பதிவு ரத்தானது. முன்பணம் தலைக்கு 500 வெள்ளி. எட்டு உபயம் ரத்தானது, ஒன்று 80 வெள்ளி. 1,500உம் 640உம் கூட்டிப் பாருங்கள். 2,140. அதே தொகை!

அந்தப் பதினொரு பேருக்கும் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அடிக்கட்டையில் அவர்கள் கையெழுத்து இருக்கிறது. செயலாளர் கையெழுத்தும் இருக்கிறது. தம்பி செய்தது, செயலாளர் சொன்னபடி கவுண்டர் கணினியில் அந்தப் பதிவுகளை அழித்தான். ஆனால் ஆபீஸ் கணினியில் அவை அப்படியே இருந்தன. ஞாயிறு இரவு பட்டனைத் தட்டினார்கள். புரோகிராம் பார்க்கிறது: ஆபீசில் இருக்கிறது, கவுண்டரில் இல்லை. அதற்கு எப்படித் தெரியும், இது அழிக்கப்பட்டதா, இன்னும் வந்து சேரவில்லையா என்று? இரண்டுமே அதற்கு 'இல்லை'தான். "ஓ, கவுண்டருக்கு இது போய்ச் சேரலை போல" என்று நினைத்து, பதினொன்றையும் திரும்ப எழுதிவிட்டது. ரத்தான முன்பதிவுகள் உயிரோடு எழுந்து உட்கார்ந்துகொண்டன, பணம் கட்டின கோலத்தோடு.

இது எங்கள் ஊர் புரோகிராமுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. கணினித் துறையில் படிக்கிற என் மகளிடம் சொன்னேன், அவள் சிரித்தாள். அமேசான் நிறுவனத்தின் பொறியாளர்கள் 2007இல் 'டைனமோ' என்கிற தங்கள் தரவு அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாங்குகிறவரின் கூடைக்கு இரண்டு பிரதிகள் தனித்தனியாக மாறிவிட்டால் இரண்டையும் சேர்த்துவிடுவார்களாம். அதனால் கூடையில் போட்ட பொருள் தொலையாது, ஆனால் எடுத்துப் போட்ட பொருள் சில சமயம் திரும்பி வந்துவிடும் என்று அதில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கடைக்கே இந்த நிலைமை. அவர்களுக்குக் கூடையில் ஒரு சோப்பு கூடும், ஆள் பார்த்து எடுத்துவிடுவார். நமக்கு ஒரு பிள்ளை திருடன் ஆகிறான்.

இதற்கு மருந்து நம்மிடம் பல காலமாக இருக்கிறது. பழைய கார்பன் ரசீதுப் புத்தகம் ஞாபகம் இருக்கா? எழுதினது தப்பானால் கிழித்துப் போட மாட்டோம். குறுக்கே இரண்டு கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி, புத்தகத்திலேயே வைத்திருப்போம். தணிக்கையாளர் வந்தால் ரத்தான சீட்டைத்தான் முதலில் கேட்பார். கணினியிலும் அதே முறைதான். பதிவை அழிக்கக் கூடாது, ரத்து என்று இன்னொரு பதிவு எழுத வேண்டும். அப்போது சிங்க் பண்ணும்போது அந்த 'ரத்து'ம் சேர்ந்து பயணம் செய்யும். கணினிக்காரர்கள் இதைக் 'கல்லறைக்கல்' என்றே சொல்வார்களாம். இன்னார் செத்தார் என்று கல் நட்டால்தான் அடுத்த ஊர்க்காரனுக்குத் தெரியும். கல் இல்லை என்றால், ஆள் வெளியூர் போயிருக்கான் என்று நினைப்பான்.

இரண்டாவது ஓட்டை: ஒரே நம்பர், இரண்டு சீட்டு

இது பணத்தைவிட எனக்கு வலித்தது.

பழைய தோட்டத்தில் பால்மரம் வெட்டின ஒரு பாட்டி. கணவர் நினைவு நாளுக்கு அன்னதான உபயம் கட்டினார். ஆடி வெள்ளியன்று, இரண்டாவது கவுண்டரில், ரசீது எண் 2318. நினைவு நாளன்று பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பலகையில் அவர் பெயர் இல்லை. ஆபீசில் போய்ச் சீட்டைக் காட்டினார். கணினியில் 2318 தட்டினால், வேறொருவர் விளக்கெண்ணெய்க்குக் கட்டின பத்து வெள்ளி வருகிறது. "இது நம்ம சீட்டுதானா பாட்டி?" என்று கேட்டார்கள்.

கேட்டவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அந்த அம்மாவின் முகத்தில் என்ன செய்தது என்று நான் பார்த்தேன். கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

என்ன நடந்தது? இரண்டு கவுண்டரும் அன்று காலை ஒரே நம்பரிலிருந்து ஆரம்பித்தன. வாசல் கவுண்டரும் 2301, 2302 என்று போட்டது, இரண்டாவது கவுண்டரும் 2301, 2302 என்று போட்டது. ஞாயிறு இரவு புரோகிராம் இரண்டு 2318ஐப் பார்த்தது. இரண்டும் ஒரே சீட்டு, யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டது. ஒரு சத்தம் இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் முதல் நாள் வேலைக்கு வருகிற பையனுக்கே தெரியும், லாட் நம்பருக்கு முன்னால் லைன் எழுத்து போட வேண்டும் என்று. ஏ லைன் சரக்கும் பி லைன் சரக்கும் ஒரே நம்பரில் ஸ்டோருக்கு வந்தால் ஸ்டோர்காரர் நம்மை உள்ளேயே விட மாட்டார். கோயில் சீட்டுக்கு அதுகூட இல்லை. வாசல் கவுண்டருக்கு 'வா', இரண்டாவதுக்கு 'இ', ஆபீசுக்கு 'ஆ' என்று முன்னால் ஓர் எழுத்து. இல்லையென்றால் ஒன்று ஒற்றைப்படை எண்ணில் போகட்டும், மற்றது இரட்டைப்படையில் போகட்டும். மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தள மென்பொருளில் எண்ணை எங்கே ஆரம்பிப்பது, எத்தனை எத்தனையாகத் தாண்டுவது என்று சொல்லி வைக்க அமைப்பே இருக்கிறது. ஐந்து நிமிஷ வேலை. அதைச் செய்யாததற்கு ஒரு பாட்டி பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாவது ஓட்டை: கடிகாரம்

இரண்டு 2318இல் எதை வைத்துக்கொள்வது என்று புரோகிராம் எப்படி முடிவு பண்ணியது? எது பிந்தி எழுதினதோ அது ஜெயிக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிந்தி, முந்தி என்று சொல்வது யார்? அந்தந்தக் கணினியின் கடிகாரம்.

இரண்டாவது கவுண்டர் கணினி பழையது. உள்ளே காசு மாதிரி வட்டமா ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று பெயர், கடிகாரக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். அது செத்துப் போனால், கரண்டைப் பிடுங்கி மறுபடி போடுகிற ஒவ்வொரு தடவையும் கணினிக்குத் தேதி மறந்துபோகும். எங்கள் கணினி பல வருஷம் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. அதில் எழுதினது எல்லாம் 'பழசு'. அதனால் மோதல் வந்தபோதெல்லாம் அந்தக் கணினி தோற்றது. பாட்டி நின்ற வரிசை அந்த வரிசை. அதுதான் அவர் செய்த தப்பு.

லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1978இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தனித்தனியாக ஓடுகிற இயந்திரங்களில் எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்பதை அவற்றின் கடிகாரங்களை நம்பிச் சொல்லிவிட முடியாது என்பதுதான் அதன் சாரம். 1978! எனக்கு அப்போது தமிழ்ப்பள்ளி வயசு. இத்தனை வருஷம் கழித்தும் நாம் "லேட்டஸ்ட் பைல் எது, அதை வை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நிர்வாகம் சொல்கிற மூன்று தீர்வுகளுக்கு வருகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

ஒன்று: "எல்லாத்தையும் ஆன்லைன்ல போட்டுடலாம், பிரச்சினை தீர்ந்தது."

ஆன்லைன் போல்டரில் தரவுத்தளக் கோப்பைப் போட்டு மூன்று கணினியிலும் திறந்து வைப்பது, இருக்கிற ஓட்டையைப் பெரிசாக்குகிற வேலை. அந்தப் போல்டருக்கு உள்ளே இருக்கிற ரசீதும் தெரியாது, உபயமும் தெரியாது. அது முழுக் கோப்பையும் தூக்கி முழுக் கோப்பின் மேல் வைக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் ஒருவருடையது போய்விடும், அல்லது 'மோதல் பிரதி' என்று இன்னொரு கோப்பு முளைக்கும். பாதி எழுதும்போது பிரதி எடுத்தால் கோப்பே உடைந்துபோகலாம். திருமணப் படங்களை வைக்க அது நல்ல இடம். ஓடிக்கொண்டிருக்கிற கணக்கை வைக்க இல்லை.

சரி, முறையாக ஒரே சர்வர், மூன்று திரை என்று வைக்கலாமா? வைக்கலாம். அதுதான் நல்லதும்கூட. ஒரே இடத்தில் எழுதினால் ஒத்திசைக்க வேண்டியதே இல்லை. ஆனால் தைப்பூசத்தன்று கோயில் வாசலில் லைன் கிடைக்குமா? ஆயிரம் பேர் ஒரே இடத்தில் கைப்பேசியை எடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். லைன் போனால் இரண்டே வழிதான்: கவுண்டரை மூடு, இல்லை தனியாக எழுதி அப்புறம் சேர். மூன்றாவது வழி கிடையாது. எரிக் புரூவர் என்ற பேராசிரியர் 2000இல் இதைச் சொன்னார். 2002இல் இரண்டு பேர், செத் கில்பர்ட், நான்சி லிஞ்ச், கணக்குப் போட்டே நிரூபித்தார்கள். காசு கொடுத்து வாங்கினாலும் இதைத் தாண்டின மென்பொருள் கிடைக்காது. விற்க வருகிற ஆள் "எங்களதில் அந்தப் பிரச்சினையே இல்லை" என்று சொன்னால், அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

2018 அக்டோபர் 21. கிட்ஹப் என்ற நிறுவனம், உலகம் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை வைக்கிற இடம். பராமரிப்பு வேலையின்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் அவர்கள் இணைப்பு 43 விநாடி அறுந்தது. வெறும் 43 விநாடி. அதற்குள் தானியங்கி அமைப்பு மேற்குக் கரைக் கணினிகளைத் தலைமை ஆக்கிவிட்டது. கிழக்கில் எழுதின சில, மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கில் புதிதாக எழுதினது கிழக்கில் இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு உண்மை. சரிசெய்ய எவ்வளவு நேரம் தெரியுமா? 24 மணி 11 நிமிஷம். அவ்வளவு நேரம் ஏன்? சேவை அரைகுறையாக ஓடினாலும் பரவாயில்லை, ஆட்களின் தரவு தொலையக் கூடாது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். நம்ம பட்டன் மாதிரி ஒன்றை வைத்து மற்றதைத் தூக்கிப் போட்டிருந்தால் சீக்கிரமே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அங்கேதான் பொறுப்பு தெரிகிறது.

இரண்டு: "கணினியே வேண்டாம், பழையபடி புத்தகம்."

புத்தகம் கற்றுக் கொடுத்ததை நான் மேலே புகழ்ந்துதான் எழுதியிருக்கிறேன். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தை ஒரு கல்யாணத்துக்கும் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கும் கொடுத்தோமே, அது கணினியால் நடந்ததா? இல்லை. தலைவர் கையில் ஒரு டைரி, ஆபீசில் ஒரு டைரி. இரண்டு டைரி என்றால் அதுவும் இரண்டு தரவுத்தளம்தான். காகிதம் என்றால் ஒத்திசைவு தேவையில்லை என்று யார் சொன்னது? பெரியவர்கள் பேசிக்கொண்டு ஒரு குடும்பம் தேதி மாற்றியதால் மானம் தப்பியது.

மூன்று: "கவுண்டர்ல ஆளை மாத்திட்டா சரியாயிடும்."

இதுதான் என்னைக் கொதிக்க வைப்பது. ஓட்டைப் பானையை வைத்துக்கொண்டு தண்ணீர் தூக்குகிறவனை மாற்றுகிறீர்கள்.

கிட்லாப் என்று இன்னொரு நிறுவனம். 2017 ஜனவரி 31. தலைமைக் கணினியிலிருந்து துணைக் கணினிக்குத் தரவு ஒழுங்காகப் போகவில்லை. ராத்திரி வேலையில் ஒரு பொறியாளர் துணைக் கணினியில் இருப்பதை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று நினைத்து, தவறுதலாகத் தலைமைக் கணினியில் அழித்துவிட்டார். ஒன்றிரண்டு விநாடியில் தெரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிச்சம். மாற்றுப் பிரதிகளைத் தேடினால், எடுக்கப்படுகின்றன என்று நம்பியிருந்தவை ஒழுங்காக எடுக்கப்படவே இல்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன்னால் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதி காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

அவர்கள் என்ன செய்தார்கள்? நடந்ததை ஊரறியச் சொன்னார்கள். பிறகு வெளியிட்ட விரிவான அறிக்கையில் அந்தப் பொறியாளரை 'குழு உறுப்பினர் 1' என்றுதான் குறிப்பிட்டார்கள். எந்த முறை தப்பு, ஏன் யாருக்கும் தெரியாமல் போனது, இனி என்ன செய்வோம் என்பதுதான் அறிக்கை முழுக்க. உண்மையிலேயே கை தவறினவருக்கு அந்த மரியாதை! நம்ம தம்பி கைகூடத் தவறவில்லை. சொன்னதைச் செய்தான். அவனை நிற்க வைத்துக் கேட்டோம். சாமி சந்நிதிக்குப் பக்கத்து அறையில்.

விமர்சனம் மட்டும் எழுதிவிட்டுப் போகிறவன் இல்லை நான். ஆண்டுக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன்:

1. மண்டபத் தேதி ஓர் இடத்தில் மட்டும்தான் எழுதப்பட வேண்டும், ஆபீஸ் கணினியில். மற்ற இடங்களில் பார்க்கலாம், எழுதக் கூடாது. லைன் இல்லை என்றால் "நாளைக்குச் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். அர்ச்சனைச் சீட்டு நூறு பேருக்கு எழுதலாம், பிறகு கூட்டிக்கொள்ளலாம். மண்டபம் ஒன்றுதான், ஒரு நாளை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு எந்தப் பட்டனைத் தட்டியும் சேர்க்க முடியாது. எதைத் தனித்தனியாக எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று முதலில் பிரியுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

2. ஒவ்வொரு கணினியின் சீட்டு எண்ணுக்கும் தனி எழுத்து.

3. அழிக்கிற பட்டனை எடுத்துவிடுங்கள். ரத்து, திருத்தம் எல்லாம் புதுப் பதிவு. யார், எப்போது, எதற்கு என்று அதில் இருக்கட்டும்.

4. பேட்டரி மாற்றுங்கள், கடிகாரத்தை இணையத்தோடு தானாகச் சரிபார்க்க வையுங்கள். அப்படியும் மோதல் வந்தால் கடிகாரத்தை நீதிபதி ஆக்காதீர்கள். இரண்டு பதிவையும் வைத்துக்கொண்டு, மறுநாள் இரண்டு பேர் அடிக்கட்டையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு முடிவு செய்யட்டும்.

5. சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கணினியிலும் எத்தனை சீட்டு, மொத்தம் எவ்வளவு என்று தாளில் எழுதுங்கள். சேர்த்த பிறகு கூட்டுத்தொகை அதே வர வேண்டும். வரவில்லை என்றால் அன்றே தெரிந்துவிடும். எங்கள் ஷிப்ட் மாறும்போது பத்து நிமிஷத்தில் செய்கிற வேலை இது. இதைச் செய்திருந்தால் அந்த 2,140 முதல் ஞாயிறே கையைத் தூக்கிக் கூப்பிட்டிருக்கும்.

6. ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. ஒரு கணினியில் தப்பு நடந்தால் ஒத்திசைவு அந்தத் தப்பையும் மற்ற இரண்டுக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் வாரம் ஒரு பிரதி, எந்தக் கணினியோடும் இணைக்காமல், பூட்டி வையுங்கள். மாதம் ஒரு தடவை அதைத் திறந்து ஓடுகிறதா பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

"ஒரு கோயிலுக்கு எதுக்குய்யா இவ்வளவு?" என்று கேட்பீர்கள். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்ப வேண்டியவர்கள் நாம். அது சட்டத்துக்கு. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கோயிலில் ஒரு சீட்டு என்பது வெறும் பணக் கணக்கு இல்லை. பெயர், நட்சத்திரம், ஒரு நினைவு நாள். இந்த நாளில் இவர் பெயரைச் சொல்லிச் சோறு போடுவோம் என்று நாம் கொடுத்த வாக்கு. அந்த வாக்கை எங்கே எழுதி வைக்கிறோம், எத்தனை இடத்தில் வைக்கிறோம், இடம் விட்டு இடம் போகும்போது அது மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் தொண்டுதான். கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிப்பது கண்ணுக்குத் தெரியும், நன்கொடைப் பலகையில் பெயர் வரும். இது தெரியாது. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

பொருளாளர் அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்கு வித்தியாசம் தெரிந்தது, கேட்டீர்கள், அது உங்கள் கடமை. ஆனால் கேள்வியை ஆளிடம் கேட்பதற்கு முன்னால் அடிக்கட்டையிடம் கேட்டிருக்க வேண்டும். பதினொரு ரத்து ரசீதையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.

வருகிற ஆண்டுக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் எல்லாரும் வாருங்கள். நான் கேட்கப் போவது இரண்டே விஷயம். ஒன்று, மேலே சொன்ன ஆறும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். இரண்டு, அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லி, அவன் மேல் தப்பில்லை என்று தலைவர் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அவனை எல்லார் முன்னாலும்தானே நிற்க வைத்தோம்.

பாட்டி விஷயம் முடித்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் பலகையில் அவர் கணவர் பெயரை நானே சாக்பீஸில் எழுதினேன். பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். "கணினியில வந்துடுச்சா தம்பி?" என்று கேட்டார். "வந்துடுச்சு பாட்டி" என்றேன். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் மூன்று கணினியிலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போனேன். மூன்றிலும் இருந்தது.

எழுதினதில் தப்பு இருந்தால் கீழே சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். திருத்தினால் திருத்தினேன் என்று எழுதுவேன். பழைய வரியை அழிக்க மாட்டேன்.


ஓர் ஆலயத் தொண்டன்